உள்ளே விட்ட துணி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். அவற்றைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். அடுத்த வீட்டுத் தாளிப்பும் சண்டையும் அந்த இடைவெளி வழியாக நம் வீட்டுக்குள் வந்துவிடும். அவளுடைய தையல் மெஷின் சத்தமும் அப்படித்தான் வந்தது. அவள் பக்கத்துக் காம்பராவில் இருந்த வருடங்களில் நான் அந்தச் சத்தத்தோடுதான் சமைத்தேன், பிள்ளையைத் தூங்கவைத்தேன்.

சத்தத்தை வைத்தே அவள் என்ன தைக்கிறாள் என்று நான் சொல்லிவிடுவேன். மிதி நிற்காமல் ஒரே சீராக ஓடினால் பாவாடையின் பக்கங்களை மூட்டுகிறாள். கொஞ்சம் ஓடி, நின்று, பாதத்தைத் தூக்கும் சிறு தட்டல் கேட்டு, மறுபடி கொஞ்சம் ஓடினால் சட்டைக் கழுத்தின் முனையைத் திருப்புகிறாள். மிதியே இல்லாமல், சக்கரத்தைக் கையால் உருட்டும் கறகறப்பு மட்டும் வந்தால் அது படங்கு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் சேலை கிழியாமலிருக்க இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சாக்குத்துணி அது. மிதித்தால் ஊசி தாங்காது. வெகுநேரம் சத்தமே இல்லையென்றால் பொத்தான் கண் எடுக்கிறாள். அவளுடைய பழைய மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் வரும், பொத்தான் கண்ணெல்லாம் கைவேலை.

இப்போது அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது. நல்லவர்கள். அவர்கள் வீட்டு டிவி சத்தம் சுவருக்கு மேலாக வருகிறது. சில சாயங்காலங்களில் அதை அணைத்துவிட்டால் என் கை அடுப்படியில் நின்றுவிடும். எதற்காக நிற்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு நிமிடம் ஆகும்.

அவள் பெயரை லயத்தில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவள் மெஷின்காரி, பிள்ளைகளுக்கு மெஷின் அத்தை. என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். அவள் என்னைப் புள்ள என்பாள். பகலில் கொழுந்துக்குப் போவாள். சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, முகம் கழுவி, முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பில் அரைச்சுவரை ஒட்டிப் போட்டிருந்த மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே ஜன்னல் கிடையாது. வெளிச்சம் இருக்கும் இடம் அந்த இஸ்தோப்பு மட்டும்தான். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். அதனால் வாயின் ஒரு பக்கத்தால்தான் பேசுவாள். ஊசி இல்லாத நேரத்திலும் அப்படிப் பேசுவது பழகிவிட்டது.

அவள் தைத்த துணியை யாரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். வெளிப்பக்கம் பார்த்தால் தெரியாது. உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும். எந்தத் தையலுக்குள்ளும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடங்கிக் கிடக்கும். ஜாக்கெட்டின் பக்கத் தையலில் மூன்று வரிசை ஓட்டியிருப்பாள். உடம்பை ஒட்டிய வரிசை நீளத் தையல். அதற்கு வெளியே ஒரு விரல் தள்ளி, சின்னத் தையலில் இன்னொரு வரிசை. அதற்கும் வெளியே ஒன்று. முதல் வரிசையைப் பிரித்தால் ஜாக்கெட் ஒரு சுற்றுப் பெரிதாகிவிடும், அடுத்த வரிசை தைத்துத் தயாராக நிற்கும். இதைப் பல தையல்காரர்கள் செய்வார்கள்தான். ஆனால் இவள் எல்லாவற்றுக்கும் செய்தாள். தலையணை உறைக்குக்கூட.

கங்காணியின் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை.

“துணிய களவெடுக்கிறவள பாத்திருக்கேன்டி. களவெடுத்து எங்க சட்டைக்குள்ளயே ஒளிச்சு வைக்கிறவள இப்பத்தான் பாக்கிறேன்.”

“உங்க துணி உங்ககிட்டத்தானே இருக்கு கங்காணியம்மா. நானா கட்டிக்கிட்டுப் போனேன்?”

“கக்கத்துல குத்துது.”

“ஒரு வாரம் குத்தும். அப்புறம் அதுவும் பழகிரும், நீங்களும் பழகிருவீங்க.”

“வாயப் பாரு. இதுல எத்தன ஊசி வச்சிருக்கா, எத்தன பேச்சு வச்சிருக்கான்னு தெரியல.”

அடுத்த பொங்கலுக்குள் கங்காணியம்மா பெருத்துவிட்டார். ஒருநாள் யாரும் பார்க்காத நேரமாக வந்து, முந்தானைக்குள்ளிருந்து அதே ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். “ஒரு வரிச பிரிச்சு தாடி” என்று மட்டும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. பிளேடின் முனையால் நாலு இடத்தில் தொட்டு, நூலைச் சர்ரென்று உருவி, கையில் கொடுத்தாள். கங்காணியம்மா போன பிறகுதான் சுவருக்கு மேலாக என்னைக் கூப்பிட்டாள். “புள்ள, பாத்தியா?” என்றாள். அதற்குப் பிறகு இருவரும் வெகுநேரம் சிரித்தோம், ஆளுக்கொரு காம்பராவிலிருந்து.

தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்தும் அவளிடம் தைக்க வருவார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகள். ஒரு பெண் மகனின் சட்டையைத் தூக்கிப் பிடித்து, “நங்கி, மேக்க பொட்டக் லொக்குய் நே?” என்று கேட்டாள். தங்கச்சி, இது கொஞ்சம் பெருசு இல்லையா என்று அர்த்தம். இவள் ஊசிகளை வாயிலிருந்து எடுக்காமலே, “லமயாத் லொக்கு வெனவானே அக்கே” என்றாள். பிள்ளையும் பெருசாகிறான் இல்லையா அக்கா. அந்தப் பெண் பிறகு தன் தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது வேறொரு நாள். எங்கள் லயத்தில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்துவிட்டது, ஜாக்கெட் வரவில்லை. அவளைத்தான் தைக்கச் சொன்னார்கள். வாசலில் தப்பு அடிக்கிறார்கள், இவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வேகமாக மிதிக்கிறாள். தைத்து முடித்ததும் ஒரு பெண் வாங்கிப் பார்த்தாள்.

“என்னாக்கா இது? செத்தவங்களுக்குப் போயி மூணு வரிச ஓட்டியிருக்கீங்க?”

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, அழுது வீங்கிய முகத்தோடேயே சிரித்துவிட்டாள். இவள் ஜாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உண்மையிலேயே மூன்று வரிசை இருந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

“கை பழக்கம்” என்றாள். ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, “போற எடத்துல நல்லா சாப்பிட்டு ஒடம்பு தேறட்டுமே. இங்க என்னத்த சாப்பிட்டுச்சு” என்றாள். அப்படியே போட்டு அனுப்பினார்கள்.

அவள் இங்கிருந்து போன பிறகு ஒரே ஒரு தடவை நான் மாவனல்லை வழியாகப் போனேன். அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்த தன் அக்காவிடம் குடும்பத்தோடு போவதாகச் சொல்லித்தான் கிளம்பினாள். டவுனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வீட்டு அம்மா கடைத் தையலைக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். காய்ச்சலில் கிடந்த என் தம்பியைப் பார்க்கக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், இறங்க முடியாது. பஸ் கடைத்தெருவில் ஊர்ந்தது. ஒவ்வொரு துணிக்கடை வாசலாகப் பார்த்தேன். துணிச் சுருள்களும், கண்ணாடிப் பெட்டிக்குள் பொத்தான்களும், இரண்டு மூன்று இடங்களில் மெஷின்களும் இருந்தன. ஒரு மெஷினில் முதுகைக் காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். கொண்டக்டர் “எறங்கவா?” என்று கேட்டார். அவள் திரும்பினாள். வேறு யாரோ. நான் உட்கார்ந்துகொண்டேன்.

அவளுக்கு ஒரே மகள், மாலா. என் மகள் வசந்தியும் மாலாவும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அதனால் இரண்டு பேரும் என் கையில்தான் வளர்ந்தார்கள். ஒரே உயரம். பின்னாலிருந்து பார்த்தால் எனக்கே சில நேரம் மாறிப்போகும்.

மாலாவுக்கு ஒன்பது வயதானபோது, தொண்ணூறுகளின் நடுவில், அவளுடைய பெரியப்பா கொழும்பிலிருந்து வந்தார். அங்கே புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை. தெரிந்த ஒரு நல்ல குடும்பத்தில் சின்னக் குழந்தையோடு விளையாட ஒரு பிள்ளை வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவார்களாம். அப்போது எங்கள் தோட்டத்திலிருந்து அப்படிப் போன பிள்ளைகள் பல பேர்.

அன்றைக்குச் சுவருக்கு மேலாக எல்லாம் கேட்டது. அவள் முடியாது என்றாள். அவள் கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலைக்காரர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். “இங்க இருந்து என்னா பண்ணும்? நம்மள மாதிரி மலைக்குத்தானே போகும்? அங்கயாவது நாலு எழுத்துப் படிக்கட்டுமே” என்றார். மெஷின் சத்தம் ஆரம்பித்தது.

போவதற்கு முன் மாலாவுக்கு ஒரு கவுன் தைத்தாள். நீலத் துணி, சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். கவுனின் அடியில் நான்கு மடிப்புகளை, டக் என்பார்களே, ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுற்றி வரப் பிடித்தாள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். அவள் அதற்காகப் பிடிக்கவில்லை. மேல்நூலின் இறுக்கத்தைத் தளர்த்தி, தையலை முடிந்தவரை நீளமாக்கி, கீழே பொபினில் மட்டும் சிவப்பு நூல் போட்டு அந்த நான்கையும் ஓட்டினாள். அப்படித் தைத்தால் கீழ்நூல் துணியோடு பின்னிக்கொள்ளாமல் நேராகப் படுத்துக்கிடக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் முழு வரிசையும் வந்துவிடும், மடிப்பு விரிந்து கவுன் நீளமாகும். உள்பக்கம் மட்டும் சிவப்புத் தெரியும்.

மாலாவை இஸ்தோப்பில் நிற்கவைத்து அவள் சொல்லிக்கொடுத்தபோது நானும் இருந்தேன்.

“வளந்தா இந்த செவப்பு நூல இழு. அடியில இருக்கிறத மொதல்ல. ஒன்னத்தான். எல்லாத்தையும் ஒரே நாள்ல இழுத்துறாத.”

“வளந்துட்டேன்னு எப்படிம்மா தெரியும்?”

“முட்டி வெளிய தெரிஞ்சா வளந்துட்டன்னு அர்த்தம்.”

“நாலையும் இழுத்துட்டா?”

“அதுக்குள்ள அம்மா வேற அனுப்பிருவேன்.”

அவளால் கொழும்புக்குப் போய்ப் பார்க்க முடியவில்லை. யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அடையாள அட்டை கிடையாது, அவளுக்கும் கிடையாது. அவள் கணவர் ஒரு தடவை கிளம்பிப் போய், பாதி வழியில் இறக்கப்பட்டு, ஒரு ராத்திரி பொலிசில் இருந்துவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. பெரியப்பா தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மாலாவைப் பற்றிய செய்தி அவரோடுதான் வரும், மாலாவுக்கான துணி அவரோடுதான் போகும்.

துணிக்கு அளவு வேண்டுமே. அதற்குத்தான் வசந்தி.

“வசந்தி, வா கண்ணு. மாலா மாதிரி நில்லு.”

அளவு எடுப்பதற்கு முன் வசந்திக்கு ஒரு ரொட்டி கொடுப்பாள். அவள் தின்று முடிக்கும் வரை காத்திருப்பாள். பிறகு தோள், மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே கொஞ்சம் கூட்டிக்கொள்வாள். “கொழும்புல சாப்பாடு நல்லா இருக்கும். நம்ம புள்ளைய விட கொஞ்சம் பூசினாப்புலதான் இருப்பா” என்பாள். நாடாவைப் பிடித்துக்கொண்டு வசந்தியின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வை வசந்தியின் மேல் நிற்காது. பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், என் பிள்ளையின் முகத்தில் இன்னொரு பிள்ளையைத் தேடுகிறாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன்.

“எனக்கு இல்லையா அத்தை? நான் சும்மா நிக்கணுமா?” என்று வசந்தி சண்டை பிடிப்பாள். மிச்சத் துணியில் அவளுக்கு ஒரு ரிப்பனாவது தைத்துக் கொடுத்துவிடுவாள்.

பெரியப்பா வந்தால் அவளிடம் ஒரே கேள்விதான்.

“சட்ட பொருந்துச்சாங்க பெரியத்தான்?”

“நீலச் சட்டதானே? அளவா இருக்கு. தைச்சு வச்ச மாதிரி இருக்கு.”

“எத்தன டக் அவுத்திருக்கா?”

“அதெல்லாம் நான் எங்கம்மா பாத்தேன். புள்ள நல்லாத்தான் இருக்கா.”

அவர் போன பிறகு அவள் சுவருக்கு மேலாக என்னிடம் சொல்வாள். “ரெண்டு அவுத்திருப்பா புள்ள. வசந்திய பாத்தா தெரியுதே. ரெண்டு கட்டாயம் அவுத்திருப்பா.” சில நாட்களில் நான் கேட்காமலே சொல்வாள். அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் மெஷின் நிற்கும். “மூணாவதையும் அவுத்திருப்பா, இல்ல?”

“அவுத்திருப்பாக்கா” என்பேன். மெஷின் மறுபடி ஓடும்.

மாலா போய் இரண்டு வருடம் தாண்டி, கோயில் திருவிழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வந்தார். பலாங்கொடையிலிருந்து வரும் மத்தியான பஸ்ஸில் இறங்கினார்கள். திருவிழாவுக்காக அன்றைக்கு வேலை இல்லை, லயமே வாசலில் நின்றது. மாலா நீலக் கவுன் போட்டிருந்தாள். வெளுத்திருந்தது, ஆனால் அதே வெள்ளைப் பூக்கள்.

“அட, அதே கவுன்!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். என்ன தவறு என்று எனக்கு உடனே புரியவில்லை.

“பாத்தீங்களா, நான் சொன்னேன்ல, அளவா இருக்குன்னு” என்றார் பெரியப்பா. அவர் பொய் சொல்லியிருக்கவில்லை. கவுன் தோளில் கொஞ்சம் பிடித்திருந்தது, மற்றபடி அளவாகத்தான் இருந்தது.

அவள் ஓடிப்போய் மண்ணில் முழங்காலிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். முகத்தை மகளின் தோளில் வைத்திருந்தாள். கை மட்டும் கீழே இறங்கியது. கவுனின் அடிப்பக்கத்தைத் தடவியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விரல் ஒவ்வொரு மடிப்பிலும் நின்று போவதை நான் பார்த்தேன். பிறகு அடியைத் திருப்பினாள். நான்கு வரிசைச் சிவப்பு நூலும் இருந்தன. வெளுத்து ரோஸ் நிறமாகியிருந்தன.

அப்போதுதான் வசந்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்து மாலாவின் பக்கத்தில் நின்றாள். என் மகளின் காது வரைதான் மாலாவின் தலை வந்தது. வசந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ ஏன்டி இன்னும் சின்னப்புள்ளயாவே இருக்க?”

நான் வசந்தியின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

திருவிழா இரண்டு நாள். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. மகளின் பையைத் திறந்தாள். தீபாவளிகளுக்கு அனுப்பிய இரண்டு சட்டைகளும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

“பெருசா இருந்துச்சும்மா. வளந்தப்பறம் போடலாம்னு அந்த வீட்டு நோனா எடுத்து வச்சிட்டாங்க.”

“சாப்பாடு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“எப்ப?”

“எல்லாரும் சாப்பிட்டப்பறம்.”

“பள்ளிக்கூடம்?”

மாலா பெரியப்பாவைப் பார்த்தாள். “அடுத்த வருசம் சேக்கிறதா சொல்லியிருக்காங்க” என்றார் அவர்.

திரும்பிப் போகவேண்டிய நாள் காலையில் எனக்கு விழிப்பு வந்ததே கறகறப்புச் சத்தத்தில்தான். படங்கு தைக்கிறாள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தேன். இரவோடு இரவாக, அரைச்சுவரை ஒட்டிக் கிடந்த மெஷினை இழுத்து இஸ்தோப்பின் வாசலை அடைத்துப் போட்டிருந்தாள். எங்கள் லயம் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், பின்வாசல் கிடையாது. உள்ளே மாலா. வாசலில் மெஷின். மெஷினுக்குப் பின்னால் அவள். பாதத்துக்கு அடியில் நாலு மடிப்புச் சாக்கு. ஒரு கையால் சக்கரத்தை உருட்டி, ஒவ்வொரு தையலாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரவு கங்காணி வீட்டில் படுத்திருந்த பெரியப்பா, கையில் பையோடு வந்து நின்றார்.

“புள்ளைய அனுப்புங்க. பஸ் வந்துரும்.”

“இந்தா முடிஞ்சிரும் பெரியத்தான்.”

“மெஷின கொஞ்சம் தள்ளுங்க.”

“சாக்கு மாட்டியிருக்குங்க. இதைக் கையாலதான் உருட்டணும். அவசரப்பட்டா ஊசி ஒடைஞ்சிரும்.”

பெண்கள் கூடிவிட்டார்கள். பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, கிளம்ப வேண்டிய நேரம். ஒருத்தியும் நகரவில்லை. பெரியப்பா சுற்றிலும் பார்த்தார்.

“இந்த நேரத்துல யாருக்குங்க அவ்வளவு அவசரமா படங்கு?”

“எனக்குத்தான்” என்றார் கங்காணியம்மா. அவர் கொழுந்துப் பக்கம் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. “இன்னைக்கு மலைக்குப் போகணும். நல்லா தைச்சுக் குடுடி. உள்ளுக்கு நெறைய விட்டுத் தையி.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. தம்பியைப் பார்த்துத் திரும்பினார்.

“என்னாடா பாத்துக்கிட்டு நிக்கிற? நீ ஆம்பளதானே? தள்ளுடா மெஷின!”

அவள் கணவர் முன்னால் வந்தார். மெஷின் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். அவள் உருட்டுவதை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சாக்கையும், ஏறி இறங்கும் ஊசியையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

“துணி மாட்டியிருக்கு அண்ணே. இப்ப தள்ளுனா கிழிஞ்சிரும்.”

அண்ணனுக்கு முன்னால் அவர் அப்படி ஒரு சொல் சொன்னதை அதற்கு முன்னோ பின்னோ நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அரைச்சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. கறகறப்பு நிற்கவில்லை. பஸ் கோயில் சந்தியில் நின்றது, மறுபடி ஹோர்ன் அடித்தது, கிளம்பி, இறக்கத்தில் சத்தம் தேய்ந்து போனது. அதற்குப் பிறகும் அவள் ஏழெட்டுத் தையல் போட்டாள்.

“அந்த வீட்டுக்கு நான் என்னான்னு போயி சொல்றது?” என்றார் பெரியப்பா. இப்போது அவர் குரலில் கோபம் இல்லை.

அவள் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். முதல் தடவையாக முழு வாயாலும் பேசினாள்.

“என் புள்ளைக்கு அந்த வீடு பத்தலன்னு சொல்லுங்க.”

அவர் நடந்தே இறங்கிப் போனார். பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் பெரட்டுக்குப் போனார்கள். கங்காணியம்மா மட்டும் கொஞ்சம் நின்று, அந்தச் சாக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, “கோணலாத் தைச்சிருக்கா மூதேவி” என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நானும் பிள்ளைக்காம்பராவைத் திறக்கப் போகவேண்டும். போக முடியவில்லை. அவள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

“வா கண்ணு. வந்து நேரா நில்லு.”

பழக்க தோஷத்தில் வசந்தி ஓடிப்போய்க் கையை விரித்து நின்றுவிட்டாள். அவள் வசந்தியின் கன்னத்தைத் தொட்டாள். “நீ இல்லடா செல்லம்” என்றாள். மாலா இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தாள். எப்படி நிற்பதென்று தெரியாமல், வசந்தியைப் பார்த்து அதே மாதிரி கையை விரித்தாள்.

அவள் நாடாவை எடுத்து மகளின் ஒரு தோளில் வைத்து மறு தோள் வரை இழுத்தாள். குனிந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“புள்ள, இது எத்தனைன்னு பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு தெரியல.”

நான் பக்கத்தில் போய்ப் பார்த்துச் சொன்னேன்.

“சரியாப் பாரு.”

மறுபடி பார்த்தேன். அதே அளவுதான். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அடுத்த அளவுக்கு நாடாவை நகர்த்த வேண்டும். அவள் நகர்த்தவில்லை. இரண்டு தோள்களிலும் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். மாலாவும் அசையாமல் நின்றாள்.